ஜெகதீஷ் சந்திர போஸ்: 24 சதுர அடி அறையில் அளந்த அலை, 5ஜி சேனலாக ஏலம் போன கதை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள்தான். கார், டயர், கண்ணாடி, மொபைல் போன் என இங்கே தயாராகாத பொருள் குறைவு. இதில் மொபைல் போனுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. டப்பாவுக்குள் போவதற்கு முன்பு, வெளி அலைகள் புகாத உலோகப் பெட்டிக்குள் வைத்து, போன் அனுப்பும் அலை தனக்கு ஒதுக்கிய சேனலுக்குள்ளேயே நிற்கிறதா, பக்கத்து சேனலுக்குள் கசிகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அளவுக்கு மேல் கசிந்தால் அந்த போன் தேறாது.

இந்தப் பகுதியில் தயாராகும் ஐபோன்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் விற்பதற்கான பல மாடல்களில் கூடுதலாக ஒரு குட்டி ஆன்டெனா இருக்கும். அதே மாடலை இந்தியாவில் வாங்கினால் அது இருக்காது. மில்லிமீட்டர் அலைகள் எனப்படும் மிகக் குட்டையான ரேடியோ அலைகளைப் பிடிப்பதுதான் அந்த ஆன்டெனாவின் வேலை.

5ஜி-க்காக உலகம் இப்போது தேடிப் போகும் இந்த அலைகளை, சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் ஒரு சின்ன அறைக்குள் உருவாக்கி, அளந்து, வளைத்துப் பார்த்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்றுதான் பள்ளிப் பாடத்தில் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையின் முதல் பாதி ரேடியோ. உங்கள் வீட்டு வைஃபையில் சேனல் 1, 6, 11 என்று ஏன் இருக்கிறது, அலைக்கற்றை ஏலத்தில் ஏன் லட்சம் கோடிகள் புரள்கின்றன என்ற கேள்விகளுக்கும் அந்தப் பாதியில் பதில் இருக்கிறது.

யார் இந்த போஸ்?

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதி, இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் நல்ல பதவியில் இருந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நேராக ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால் பகவான் சந்திரர் தன் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும், வீட்டு உதவியாளரின் மகனும் அவருடைய வகுப்புத் தோழர்கள். ஆறு, மீன், செடி, கொடி பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் இயற்கை மீது தனக்கு ஆர்வம் வரக் காரணம் என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் யூஜின் லாஃபோன்ட், செய்முறை காட்டியே இயற்பியல் நடத்துவார். போஸுக்கு அறிவியலில் பிடிப்பு வந்தது அங்கேதான். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. பிணங்களை அறுத்துப் படிக்கும் அறையின் நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் இயற்பியல் மேதை ராலே பிரபு.

சம்பளம் வேண்டாம் என்ற பேராசிரியர்

1885-ல் நாடு திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல். ஒரே வேலையைச் செய்தாலும் ஐரோப்பியருக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். போஸின் பதவி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆகமொத்தம் மூன்றில் ஒரு பங்கு.

அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். அப்போது குடும்பத்தில் பெரிய கஷ்டம். தொழில் முயற்சிகளில் இறங்கிய தந்தை கடனில் மூழ்கியிருந்தார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கிவந்தது. போஸை நிரந்தரமாக்கி, முன்தேதியிட்டு முழுச் சம்பளமும் கொடுத்தது. மொத்தமாக வந்த அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

இந்த நெருக்கடிக்கு நடுவில், 1887-ல் அபலா தாஸைத் திருமணம் செய்துகொண்டார். அபலாவுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காததால், அவர் மருத்துவம் படிக்க வந்தது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு. உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பிற்காலத்தில் வங்காளத்தில் பெண் கல்விக்காக உழைத்தவர்களில் முக்கியமான பெயர் அபலா போஸ்.

ஏன் குட்டையான அலை?

1894-ம் ஆண்டின் முதல் நாள், ரேடியோ அலைகளை முதன்முதலில் சோதனையில் நிரூபித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹென்ரிச் ஹெர்ட்ஸ் 36 வயதில் இறந்தார். இன்று நாம் மெகாஹெர்ட்ஸ், ஜிகாஹெர்ட்ஸ் என்று சொல்வது அவர் பெயரைத்தான். ஒரு விநாடிக்கு ஓர் அதிர்வு என்றால் ஒரு ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸின் வேலையைப் பற்றி இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை அச்சாகி வந்தது. அதைப் படித்த போஸ், தன் 36-வது பிறந்தநாளில் இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார்.

முடிவெடுப்பது சுலபம், இடம் வேண்டுமே? கல்லூரியில் ஆய்வகம் இல்லை. குளியலறையை ஒட்டி 24 சதுர அடியில் ஓர் அறைதான் கிடைத்தது. கருவிகளைச் செய்துகொடுத்தது உள்ளூர் தகர வேலைக்காரர் ஒருவர்.

இங்கேதான் போஸ் எடுத்த ஒரு முடிவு முக்கியமாகிறது. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகளின் நீளத்தை மீட்டர் கணக்கில் சொல்ல வேண்டும். அவற்றைப் பிரதிபலிக்க ஆளுயரத் தகடு வேண்டும், வளைக்க மிகப் பெரிய பட்டகம் வேண்டும். அலை குட்டையானால் கருவியும் குட்டையாகும். ஒளியைப் போலவே ரேடியோ அலையும் திரும்புமா, வளையுமா, வடிபடுமா என்பதுதான் போஸின் கேள்வி. அதைச் சின்ன அறைக்குள் மேசை மேல் வைத்துச் சோதிக்க, அவர் அலையின் நீளத்தை 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். இன்றைய கணக்கில் அது 12 முதல் 60 ஜிகாஹெர்ட்ஸ்.

கருவிகளும் அதற்கேற்றபடிதான். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே ஈயத்தாள் வைத்து, அலையை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டி ஆக்கினார். முறுக்கிய சணல் கட்டுகளுக்குள் அலையை அனுப்பி, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். அலையைத் திரட்டிப் பிடிக்க உலோகப் புனல் ஒன்றைச் செய்தார். கொம்பு ஆன்டெனா என்ற பெயரில் அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1895 மே மாதம் கல்கத்தா ஆசியக் கழகத்தில் முதல் ஆய்வறிக்கையை வாசித்தார். அடுத்த ஆண்டே லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது.

அதே காலகட்டத்தில் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு செய்முறையும் நடந்தது. சுமார் 75 அடி தூரத்துக்கு, கம்பியே இல்லாமல், சுவரைத் தாண்டி அலையை அனுப்பினார். மறுபக்கம் மணி அடித்தது, வெடிமருந்து பற்றிக்கொண்டது. 1897 ஜனவரி 29-ம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் இந்தக் கருவிகளைக் காட்டிப் பேசினார். கெல்வின் பிரபு போன்ற பெரியவர்களே வியந்து பாராட்டினார்கள்.

மார்கோனி ஜெயித்தது எதில்?

அப்போது இங்கிலாந்தில் இருந்த இத்தாலி இளைஞர் குக்லியெல்மோ மார்கோனிக்கு வேறொரு இலக்கு இருந்தது. அலை ஒளியைப் போல நடந்துகொள்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. தந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கேள்வி. அதற்கு நீளமான அலைதான் சரி. நீள அலை மலையைச் சுற்றிப் போகும், கடலைத் தாண்டும். குட்டை அலையோ சுவர், மரம், மழை என எதில் பட்டாலும் பலமிழக்கும். அதிலும் போஸ் தொட்ட 60 ஜிகாஹெர்ட்ஸை காற்றில் இருக்கும் ஆக்சிஜனே உறிஞ்சிவிடும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அதன் வலிமை முப்பதில் ஒரு பங்காகிவிடும்.

1901 டிசம்பரில் மார்கோனி அட்லான்டிக் கடலைத் தாண்டி சிக்னல் பிடித்தார். அதில் பயன்பட்ட பாதரச உணர்கருவி, 1899-ல் ராயல் சொசைட்டியில் போஸ் வெளியிட்ட வடிவமைப்பை ஒட்டியது என்று சில ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வாதிட்டார்கள். எப்படியானாலும் உலகம் தூரத்தின் பின்னால் போனது. போஸின் அலை ஆய்வகப் பொருளாகவே நின்றுவிட்டது.

ஆனால் தூரம் போகும் அலைக்கு ஒரு விலை உண்டு. கோயில் திருவிழாவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் அது பாடும்போது ஊரில் வேறு யாரும் மைக் போட்டுப் பேச முடியாது. திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பக்கத்துத் தெரு வரைகூடக் கேட்காது. அதனாலேயே ஒரே நேரத்தில் நூறு திண்ணையில் நூறு பேச்சு நடக்கும். ரேடியோவும் அப்படித்தான். ஒரு குரல் எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு அந்த அலைவரிசையில் வேறு யாருக்கும் இடமில்லை.

அந்தக் காலத்துக் கருவிகள் பொறியடித்து அலை எழுப்புபவை. அந்த அலை ஓர் அதிர்வெண்ணில் நிற்காது, நாலாபக்கமும் சிதறும். 1901-ல் நியூயார்க் அருகே நடந்த அமெரிக்கா கோப்பை படகுப் போட்டியைச் செய்தியாக்க ஒன்றுக்கு மேற்பட்ட கம்பியில்லாத் தந்தி நிறுவனங்கள் போட்டி போட்டன. ஒன்றின் மேல் ஒன்று மோதிச் செய்திகள் குழம்பின. காற்றைப் பங்குபோட்டால்தான் பிழைப்பு நடக்கும் என்று புரிந்துபோனது. 1906-ல் பெர்லினில் நாடுகள் கூடி, கப்பல் தொடர்புக்கு 500, 1000 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு அதிர்வெண்களை ஒதுக்கின. 1927-ல் வாஷிங்டனில் முதல் முழுமையான பங்கீட்டுப் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியல் 60 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிட்டது. போஸ் 1890-களிலேயே அதைவிட ஆயிரம் மடங்கு மேலே, 60 ஜிகாஹெர்ட்ஸ் வரை போய்வந்திருந்தார். அங்கே வேலி போட யாருக்கும் தேவையே வரவில்லை.

சரி, சேனலுக்கு நடுவே ஏன் இடைவெளி?

எஃப்.எம். ரேடியோ கேட்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 0.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 800 கிலோஹெர்ட்ஸ். ஒரு எஃப்.எம். நிலையத்தின் ஒலிக்குத் தேவை சுமார் 200 கிலோஹெர்ட்ஸ்தான். மீதி எல்லாம் பாதுகாப்பு இடைவெளி. இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு விடுவது போல.

ஏன் இந்த வரப்பு? எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் எல்லையில் கத்தரித்தது போல நிற்காது. ஓரத்தில் கொஞ்சம் வழியும். கேட்கும் கருவியும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பதை முழுசாக ஒதுக்கிவிட அதனால் முடியாது. கருவிகள் எவ்வளவு துல்லியமோ, வரப்பு அவ்வளவு ஒல்லியாகலாம். 2ஜி மொபைலில் ஒரு சேனலின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் போன் பேசுவதற்கு 25 மெகாஹெர்ட்ஸ், கேட்பதற்கு 25 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் 124 ஜோடி சேனல்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவே 45 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்தார்கள். இல்லாவிட்டால் போனின் சொந்தக் குரலே அதன் காதை அடைத்துவிடும்.

வெறும் 124 சேனலை வைத்து ஒரு நகரத்தையே எப்படிச் சமாளித்தார்கள்? திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான். ஒரு டவருக்குக் கொடுத்த சேனலை ஒட்டியிருக்கும் டவருக்குக் கொடுக்க மாட்டார்கள். நாலைந்து டவர் தள்ளி அதே சேனலை மறுபடியும் கொடுப்பார்கள். அலை அங்கே போய்ச் சேருவதற்குள் பலமிழந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அதாவது, மார்கோனி காலத்தில் குறையாக இருந்த குட்டைத் தூரம், இங்கே வசதியாகிவிட்டது.

வீட்டு வைஃபைக்கு வருவோம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் 13 சேனல்கள். ஆனால் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக நட்ட கம்பம் மாதிரி. உண்மையில் ஒரு வைஃபை சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைக்கும். அதனால் சேனல் 1-ல் இருக்கும் ரவுட்டர் 2, 3, 4 வரை கால் நீட்டிப் படுத்திருக்கும். ஒன்றையொன்று மிதிக்காமல் மூன்று பேர் படுக்க வேண்டுமானால் 1, 6, 11 என்று தள்ளித் தள்ளித்தான் படுக்க வேண்டும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் 6-ல் இருக்கும்போது நீங்கள் 4-ல் வைத்தால், இரண்டு பேருக்குமே வேகம் குறையும். இருவரும் 6-லேயே இருந்தால்கூட ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று காது கொடுத்து முறை வைத்துப் பேசிக்கொள்ளும். பாதி மேலே ஏறிப் படுப்பதுதான் பெரிய தொல்லை.

காப்புரிமை வேண்டாம் என்றவர்

மறுபடியும் போஸ். லண்டனில் அவர் பேசியபோது, கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கச் சொல்லி வணிக நிறுவனங்கள் ஆசை காட்டின. அவர் மறுத்தார். அறிவைப் பணமாக்கும் ஆசை ஒருமுறை தொற்றினால் விடாது என்ற கவலையை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் பகிர்ந்துகொண்டார்.

சுற்றியிருந்த நண்பர்கள் விடவில்லை. குறிப்பாக சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் சகோதரி நிவேதிதாவும் வற்புறுத்தியதால் 1901-ல் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29-ம் தேதி 755840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. ஈயக் கனிமமான கலீனா படிகத்தை வைத்து அலையை உணரும் கருவி அது. இன்றைய செமிகண்டக்டர் கருவிகளின் ஆரம்ப காலக் காப்புரிமைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். ஆனால் போஸ் அதை வைத்துக் காசு பார்க்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

இதை வெறும் பெருந்தன்மைக் கதையாகப் பார்த்தால் ஒரு விஷயம் விட்டுப்போகும். காப்புரிமையும் நிறுவனமும் கையில் இருந்ததால்தான் மார்கோனியின் வேலை தொழிலாக வளர்ந்தது. 1909-ல் மார்கோனிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. போஸின் அலைகளோ அரை நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தன. வேலி போடாததற்கு அவர் கொடுத்த விலை அது.

அதற்குள் அவரும் வேறு பாதைக்குப் போயிருந்தார். அலை பட்டுக்கொண்டே இருந்தால் உணர்கருவி சோர்வதும், ஓய்வு கொடுத்தால் தேறுவதும் அவருக்கு உயிரினங்களின் தசையை நினைவூட்டின. உலோகத்திலிருந்து செடிக்கு நகர்ந்தார். செடியின் நுண்ணிய வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப் கருவி அப்படி வந்ததுதான். 1917-ல் சர் பட்டம். அதே ஆண்டு தன் பிறந்தநாளான நவம்பர் 30-ம் தேதி, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நடக்கும் கண்டுபிடிப்புகள் பொதுச் சொத்து, எதற்கும் காப்புரிமை எடுக்கப்போவதில்லை என்று தொடக்க நாளிலேயே அறிவித்தார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ம் தேதி, இன்று ஜார்க்கண்டில் இருக்கும் கிரிடியில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.

காற்று யாருக்குச் சொந்தம்?

போஸ் கல்லூரியில் சேர்ந்த அதே 1885-ல்தான் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. தந்தி என்றால் அரசுக்கே உரிமை என்பது அதன் சாரம். 1933-ல் வந்த இன்னொரு சட்டம், உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. டவுன் ஹாலில் போஸ் யாரிடமும் கேட்காமல் செய்ததை, அவர் உயிரோடு இருக்கும்போதே உரிமம் இல்லாமல் யாரும் செய்ய முடியாத நிலை வந்துவிட்டது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக 2023-ல்தான் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அதிர்வெண்களைப் பங்கிடுவதும் உரிமம் கொடுப்பதும் இன்று தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவின் வேலை.

1995-ல் கல்கத்தா சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை 31-ம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் நோக்கியா போனில் பேசினார். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு அது. போஸின் டவுன் ஹால் செய்முறைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே நகரத்திலிருந்து.

2006-ல் அந்த நோக்கியாவே ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கத் தொடங்கியது. 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது பல குடும்பங்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. இதற்கிடையே 2ஜி வழக்கால் அலைக்கற்றை என்ற சொல் டீக்கடை வரை வந்துசேர்ந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017-ல் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அரசியல் ஒருபக்கம் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பங்குபோடுவது எவ்வளவு பெரிய விவகாரம் என்று நாட்டுக்கே புரியவைத்த வழக்கு அது.

ஏலத்தில் போஸின் அலை

2022-ல் நடந்த 5ஜி ஏலம் ஆகஸ்ட் 1-ம் தேதி முடிந்தது. மொத்தம் சுமார் ரூ.1.5 லட்சம் கோடி. அதில் 26 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டும் 50 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாக விற்பனைக்கு வந்தது. அந்த அலையின் நீளம் 11 முதல் 12 மில்லிமீட்டர். போஸ் 24 சதுர அடி அறையில் அளந்த அதே வரம்பு.

விலையைப் பாருங்கள். நாடு முழுவதற்குமான அடிப்படை விலை, வெகுதூரம் போகும் 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒரு ஜோடி மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.3,927 கோடி. 26 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு மெகாஹெர்ட்ஸ் ரூ.7 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. 500 மடங்குக்கு மேல் வித்தியாசம். தூரத்துக்குத்தான் விலை. மார்கோனி கணக்கு இன்னும் மாறவில்லை.

ஆனால் மலிவாக இருப்பதால் அகலமாக வாங்க முடிகிறது. 26 ஜிகாஹெர்ட்ஸில் ஜியோ ஒவ்வொரு வட்டத்திலும் 1,000 மெகாஹெர்ட்ஸும், ஏர்டெல் 800 மெகாஹெர்ட்ஸும் எடுத்தன. ஜியோவின் பங்கு மட்டுமே வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டைப் போல 12 மடங்கு. சேனல் அகலமானால் டேட்டாவும் அதிகம் ஓடும். 60 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபை வகையில் ஒரே சேனலின் அகலம் 2,160 மெகாஹெர்ட்ஸ். சுவரில் பட்டாலே அலை பலமிழந்துவிடுவதால், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தொந்தரவு இல்லை. திண்ணைப் பேச்சுதான்.

பிறகு ஏன் இந்திய மாடல் போனில் அந்தக் குட்டி ஆன்டெனா இல்லை? சில நூறு மீட்டருக்கு ஒரு டவர் நட்டால்தான் மில்லிமீட்டர் அலை சுவரையும் மரத்தையும் மீறி போனுக்கு எட்டும். செலவு அதிகம். அதனால் இங்கே போன்களுக்கான 5ஜி பெரும்பாலும் 3.3 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டிலும் அதற்குக் கீழேயும்தான் ஓடுகிறது. 26 ஜிகாஹெர்ட்ஸில் பேசும் டவர் பரவலாக இல்லாதபோது, அதைக் கேட்கும் ஆன்டெனாவை இந்திய மாடலில் வைத்துப் பயனில்லை. டவர் இல்லாததால் போன் இல்லை, போன் இல்லாததால் டவர் இல்லை என்று அந்த அலை காத்துக்கிடக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய அலை அப்படிக் காத்திருக்க, யாரும் வாங்காத ஒரு துண்டில் கூட்டம் நெரிகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வைஃபை நடத்த 2005-ல் இந்தியா உரிமத் தேவையை நீக்கியது. அலைவலிமைக்கு ஒரு வரம்பு போட்டு, சத்தமாகப் பேசாதவரை யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டுவிட்டது. டீக்கடை ரவுட்டரும், ஒரகடம் தொழிற்சாலையின் ரவுட்டரும் அதில் சம பங்காளிகள். ஏலம் இல்லை, கட்டணம் இல்லை. போஸுக்குப் பிடித்திருக்கக்கூடிய ஏற்பாடு அதுதான். 1, 6, 11-ல் ஒன்றைப் பார்த்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடம் விட்டால் போதும்.